ஒரே பெயரில் நான்கு படிப்புகள்: அரசியல் பொருளாதாரப் பட்டத்துக்குப் பல்கலைக்கழகம் தேடும்போது

பட்டச் சான்றிதழில் ‘அரசியல் பொருளாதாரம்’ என்றுதான் அச்சாகியிருக்கும். ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தில் அந்தப் படிப்பின் இரண்டாம் ஆண்டு மாணவர், இரு கட்சிகள் மோதும் தேர்தலில் வரி விகிதம் எந்த வாக்காளரின் விருப்பத்தில் போய் நிற்கும் என்பதைச் சமன்பாடு எழுதிக் கணக்கிட்டுக்கொண்டிருப்பார். இன்னொன்றில், உபரி மதிப்பு (தொழிலாளி உருவாக்கும் மதிப்பில் கூலி போக முதலாளிக்குச் சேரும் பகுதி) பற்றி மார்க்ஸ் எழுதியதை வரிவரியாக வாசித்து விவாதம் நடக்கும். மூன்றாவதில், பன்னாட்டு நிதியம் கடனோடு சேர்த்து விதிக்கும் நிபந்தனைகளால் யாருக்கு ஆதாயம், யாருக்கு இழப்பு என்று கட்டுரை கேட்பார்கள். நான்காவதில் கேள்வியே வேறு: இறக்குமதி வரியால் கொழிக்கும் பத்து ஆலைக்காரர்கள் சுலபமாகக் கூடிவிடுகிறார்கள், அதே வரியால் கூடுதல் விலை கொடுக்கும் கோடிப் பேரால் ஏன் கூட முடிவதில்லை?

இந்தப் படிப்புக்கு இடம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ‘எந்தப் பல்கலைக்கழகம் நல்லது’ என்று தொடங்குகிறார்கள். அதற்கு முன்னால் தீர்க்க வேண்டியது, இந்த நான்கில் நமக்கு வேண்டியது எது என்பது. அதை விட்டுவிட்டால், மிகத் தரமான துறையில் சேர்ந்தும் மூன்று ஆண்டுகள் வேறு யாருக்கோ உரிய படிப்பைப் படிக்க நேரும்.

பெயர் குழம்பிய கதை

1615-ல் அந்துவான் தெ மோன்கிரெத்தியென் என்ற பிரெஞ்சுக்காரர் தம் நூலின் தலைப்பிலேயே இந்தச் சொற்றொடரை வைத்தார். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் எழுதிய ஆடம் ஸ்மித், ரிக்கார்டோ, மில் காலத்தில் பொருளியல் என்று தனியே ஒரு துறை கிடையாது. எல்லாமே அரசியல் பொருளாதாரம்தான். 1879-ல் ஆங்கிலப் பொருளியலாளர் ஜெவன்ஸ், இந்த இரட்டைச் சொல்லை விட்டுவிட்டு ‘எகனாமிக்ஸ்’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு மாறிவிடலாம் என்று எழுதினார். ஆல்ஃபிரட் மார்ஷலின் 1890-ஆம் ஆண்டுப் பாடநூல் அந்தச் சொல்லைப் பரப்பியது. 1903-ல் கேம்பிரிட்ஜில் பொருளியலுக்குத் தனிப் பட்டத் தேர்வு வந்தது. பழைய பெயர் அநாதையானது.

இருபதாம் நூற்றாண்டில் அதைத் தத்தெடுத்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க விரும்பாதவர்கள். மையநீரோட்டப் பொருளியல் போதவில்லை என்ற மார்க்சியர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதே பொருளியலின் கருவிகளை அரசியல்வாதிகள் மீதும் பிரயோகிக்க வேண்டும் என்ற சந்தை ஆதரவாளர்களும் எடுத்துக்கொண்டார்கள். சிகாகோவிலிருந்து 1892 முதல் வெளிவரும் ‘ஜர்னல் ஆஃப் பொலிட்டிகல் எகானமி’ பெயரை மாற்றவே இல்லை, ஆனால் அதற்குள் இருப்பது முழுக்க மையநீரோட்டப் பொருளியல். டொரன்டோ பல்கலைக்கழகத்தில் அரசியல் பொருளாதாரத் துறை என்றே நெடுங்காலம் ஒன்று இருந்தது. 1982-ல் அது பொருளியலாகவும் அரசியல் அறிவியலாகவும் பிரிந்தது. ஆகவே பெயரைப் பார்த்து உள்ளடக்கத்தை ஊகிக்க வழியில்லை.

நான்கு மரபுகள்

முதலாவது, கணிதவழி அரசியல் பொருளாதாரம். டங்கன் பிளாக் 1948-லும் ஆண்டனி டௌன்ஸ் 1957-லும் வாக்காளர், கட்சி ஆகியோரின் நடத்தையை மாதிரிகளாக்கியதில் தொடங்கி, இன்று ஆட்டக் கோட்பாடும் (ஒருவர் முடிவு மற்றவர் முடிவைச் சார்ந்திருக்கும் சூழல்களை ஆராயும் கணிதம்) புள்ளியியலும் சேர்ந்து இயங்கும் தளம் இது. வில்லியம் ரைக்கர் 1960-களில் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அரசியல் துறையை இந்தப் பாதையில் திருப்பினார். அமைப்புகளுக்கும் வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்ததற்காக 2024-ல் நோபல் பெற்ற அசெமோக்லு, ஜான்சன், ராபின்சன் மூவரின் வேலையும் இந்த வட்டத்தைச் சேர்ந்தது. ஹார்வர்டின் ‘அரசியல் பொருளாதாரமும் அரசாட்சியும்’ முனைவர் படிப்பு, ஸ்டான்ஃபோர்டு வணிகப் பள்ளியின் அரசியல் பொருளியல் முனைவர் படிப்பு இரண்டும் இதன் உயர்நிலை வாசல்கள். கணிதம் கசக்கிறவர்கள் இங்கே தங்க முடியாது.

இரண்டாவது, பொதுத்தெரிவு மரபு. ஜேம்ஸ் புக்கானனும் கார்டன் டல்லக்கும் 1962-ல் இட்ட அடித்தளம். அரசு அதிகாரியும் சட்டமன்ற உறுப்பினரும் மற்ற மனிதர்களைப் போலவே தம் நலனைப் பார்ப்பவர்கள் என்பது தொடக்கப்புள்ளி. புக்கானன் தம் ஆய்வு மையத்தோடு 1983-ல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்துக்கு இடம்பெயர்ந்தார், 1986-ல் நோபல் பெற்றார்; அந்தப் பல்கலைக்கழகம் இன்றும் இம்மரபின் தலைவாசல். இதற்கு ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லத்தக்கது வின்சென்ட், எலினார் ஆஸ்ட்ரம் தம்பதி 1973-ல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வுப் பட்டறை. பொதுவளங்களை அரசும் சந்தையும் இல்லாமலே மக்கள் எப்படி நிர்வகிக்கிறார்கள் என்ற ஆராய்ச்சிக்காக எலினார் 2009-ல் நோபல் பெற்றார். களப்பணிக்கு இவ்வளவு இடம் கொடுக்கும் கிளை மற்ற மூன்று மரபுகளிலும் அரிது.

மூன்றாவது, மார்க்சிய, பிற்கெயின்சிய (கெயின்ஸின் வழியைத் தொடரும்), பெண்ணிய, சூழலியல் பொருளியல்கள் ஒன்றாகக் குடியிருக்கும் மாற்றுப் பொருளியல் மரபு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகம் 1970-களின் தொடக்கத்தில் மார்க்சியப் பொருளியலாளர் பலரை ஒரே வீச்சில் சேர்த்துக்கொண்டு பெயர் பெற்றது. நியூயார்க்கின் நியூ ஸ்கூல், லண்டனின் சோவாஸ் (கிழக்கத்திய, ஆப்பிரிக்க ஆய்வுகளுக்கான கல்லூரி) ஆகியவையும் இந்த வகை. சிட்னி பல்கலைக்கழகத்தில் 1970-களில் பாடத்திட்டத்துக்காக மாணவரும் ஆசிரியரும் நீண்ட போராட்டம் நடத்தினார்கள்; அதன் விளைவாக இன்று அங்கே பொருளியலுக்கு ஒரு துறை, அரசியல் பொருளாதாரத்துக்கு வேறொரு துறை.

நான்காவது, பன்னாட்டு, ஒப்பீட்டு அரசியல் பொருளாதாரம். சர்வதேச உறவுகளும் சர்வதேசப் பொருளியலும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் இருக்கின்றன என்று சூசன் ஸ்ட்ரேஞ்ச் 1970-ல் குற்றம்சாட்டியதை இதன் பிறப்புச் சான்றிதழாகக் கொள்பவர்கள் உண்டு. இங்கே ஒரு உட்பிரிவைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கத் துறைகளில் இது பெரும்பாலும் தரவு, கருதுகோள், சோதனை என்ற வழியில் நடக்கும். வார்விக், ஷெஃபீல்டு போன்ற பிரிட்டன் துறைகளில் வரலாறும் அதிகாரம் பற்றிய விமர்சனமும் முன்னே நிற்கும். ஒரே வணிக ஒப்பந்தத்தைப் பற்றி இரு பக்கமும் எழுதும் கட்டுரைகளை அடுத்தடுத்து வைத்து வாசித்தால் இரண்டும் ஒரே துறையா என்ற சந்தேகம் வரும். நியாயமான சந்தேகம்தான்.

அரசியல், தத்துவம், பொருளியல் மூன்றையும் சேர்த்து ஆக்ஸ்ஃபோர்டு 1920-ல் தொடங்கி உலகமெங்கும் நகலெடுக்கப்பட்ட படிப்பை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அது மூன்று பாடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. அவற்றின் சந்திப்பைத் தனிப் பாடமாக நடத்த வேண்டிய கட்டாயம் அதற்குக் கிடையாது. ஆக்ஸ்ஃபோர்டிலேயே முதலாண்டுக்குப் பிறகு மூன்றில் ஒன்றைக் கைவிடலாம். பொருளியலைக் கைவிட்ட மாணவருக்கு அரசியல் பொருளாதாரத்தில் எஞ்சுவது சொற்பம்.

பாடத்திட்டத்தை எடை போடுவது

பல்கலைக்கழகத்தின் விளம்பரப் பக்கத்தில் சிரிக்கும் மாணவர் படமும் ‘உலகளாவிய சவால்கள்’ என்ற சொல்லும் இருக்கும். அங்கே நிற்க வேண்டாம். தேட வேண்டியது, எந்த ஆண்டில் எந்தப் பாடம் கட்டாயம், ஒவ்வொன்றுக்கும் எத்தனை கிரெடிட், முன்தகுதி என்ன என்று வரையறுக்கும் அதிகாரப்பூர்வ ஆவணம். ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் மாட்யூல் கையேடாக வெளியிடும். பிரிட்டனில் படிப்பு விவரக்குறிப்பு என்ற பெயரில் இருக்கும். அமெரிக்காவில் ஆண்டுதோறும் வரும் கேட்டலாகில் இருக்கும். இணையத்தில் இல்லையென்றால் சேர்க்கைப் பிரிவுக்கு எழுதிக் கேட்கலாம்.

கிரெடிட்டுகளை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருவது முதல் வேலை. ஐரோப்பிய முறையில் ஓர் ஆண்டுக்கு 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. இளநிலை 180 முதல் 240 வரை. பிரிட்டனில் ஆண்டுக்கு 120, மூன்றாண்டு ஆனர்ஸ் பட்டத்துக்கு 360. அதாவது இரண்டு பிரிட்டன் கிரெடிட், ஓர் ஐரோப்பியக் கிரெடிட்டுக்குச் சமம். அமெரிக்காவில் நான்காண்டுக்குச் சுமார் 120 செமஸ்டர் கிரெடிட். ஒரு பாடத்துக்கு 3 அல்லது 4 கிரெடிட் என்பதால் மொத்தம் 30 முதல் 40 பாடங்கள். அதில் முதன்மைப் பாடத்துக்குப் போவது பெரும்பாலும் பாதிக்கும் குறைவு. அமெரிக்கப் பட்டத்தையும் பிரிட்டன் பட்டத்தையும் ஒப்பிடும்போது பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். நான்கு ஆண்டு என்பதால் ஆழம் அதிகம் என்று பொருளில்லை. அங்கே அகலம் அதிகம்.

பிறகு கட்டாயப் பாடங்களை மட்டும் எடுத்து நான்கு கூடைகளில் போடுங்கள்: பொருளியல் கோட்பாடு, அரசியலும் அமைப்புகளும், ஆய்வு முறைகள், பொருளாதார வரலாறும் சிந்தனை வரலாறும். விருப்பப் பாடங்களை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். கையேட்டில் ஐம்பது விருப்பப் பாடங்கள் இருந்தாலும், ஒரு குறிப்பிட்ட ஆண்டில் நடப்பது அவற்றில் ஒரு பகுதிதான். நடத்தும் ஆசிரியர் ஆய்வு விடுப்பில் போனால் பாடமும் அவரோடு போய்விடும். ஒரு துறை தன்னை என்னவாக நினைக்கிறது என்பது கட்டாயப் பாடத்தில்தான் தெரியும்.

எங்கள் கணிப்பில், நுண்ணியல் பொருளியலும் பேரியல் பொருளியலும் தலா இரண்டு பாடங்களாவது (அறிமுகம் ஒன்று, இடைநிலை ஒன்று) இல்லாத இளநிலைப் பட்டத்தை வைத்துக்கொண்டு பொருளியல் முதுநிலைக்குப் போவது கடினம். ஐரோப்பாவின் பல பொருளியல் முதுநிலைப் படிப்புகள் பொருளியலிலும் அளவுமுறைகளிலும் குறைந்தபட்சக் கிரெடிட் கேட்கின்றன. பட்டத்தின் பெயரைப் பார்ப்பதே இல்லை, கிரெடிட்டை எண்ணுகின்றன. ஆய்வு முறைக் கூடையில் 180 ஐரோப்பியக் கிரெடிட்டுக்கு 20-க்கும் குறைவாக இருந்தால், தரவுப் பகுப்பாய்வு வேலையை எதிர்பார்த்து அந்தப் படிப்பில் சேர வேண்டாம். வரலாற்றுக் கூடை காலியாக இருந்தால் அது அநேகமாக முதல் மரபு. பாதிக்கு மேல் அரசியல் கூடையிலேயே விழுந்தால் நான்காவது.

வாசிப்புப் பட்டியல் பொய் சொல்லாது

கூடைக் கணக்கு முடிந்ததும் மையப் பாடம் ஒன்றின் சிலபஸை எடுத்து வாரவாரியான வாசிப்புப் பட்டியலைப் பாருங்கள். ‘அரசியல் பொருளாதார அறிமுகம்’ என்ற ஒரே தலைப்புக்குக் கீழே முதல் நான்கு வாரத்தில் யார் பெயர் வருகிறது என்பது போதும். டௌன்ஸ், பெர்சன், டபெல்லினி, அசெமோக்லு என்றால் கணிதவழி. புக்கானன், டல்லக், ஹாயெக், மான்சர் ஓல்சன் என்றால் பொதுத்தெரிவு. மார்க்ஸ், கெயின்ஸ், கலெட்ஸ்கி, ஜோன் ராபின்சன் என்றால் மாற்றுப் பொருளியல். ஸ்ட்ரேஞ்ச், ராபர்ட் கியோஹேன், ராபர்ட் காக்ஸ் என்றால் பன்னாட்டு வகை. பீட்டர் ஹால், டேவிட் சோஸ்கிஸ் வந்தால் முதலாளித்துவ வகைகளை ஒப்பிடும் கிளை. பொருளாதார வரலாற்றாளர் கார்ல் போலான்யி மட்டும் மூன்றாவதிலும் நான்காவதிலும் வருவார். அவரை வைத்து முடிவு கட்டக்கூடாது.

எல்லா மரபும் சமமாகக் கலந்திருந்தால் மகிழ்வதற்கு முன் இன்னொன்றைப் பாருங்கள். வாரம் ஒரு கோட்பாடு என்று பத்து வாரத்தில் பத்தையும் தொட்டுவிட்டு ஓடும் பாடமா, அல்லது அடுத்த ஆண்டில் அவற்றில் ஒன்றையாவது ஆழமாகப் பயிலும் தொடர்ச்சி உண்டா? முதல் வகையில் தேறியவருக்கு எல்லாப் பெயரும் தெரியும். ஒரு கருவியையும் கையாளத் தெரியாது.

மதிப்பீட்டு முறையும் அதே ஆவணத்தில் இருக்கும். கணக்குத்தாளும் எழுத்துத் தேர்வும் முழு மதிப்பெண்ணையும் ஆளும் இடம் ஒரு வகை, மூவாயிரம் சொல் கட்டுரைகள் ஆளும் இடம் வேறு வகை. இதில் உயர்வு தாழ்வு இல்லை, பொருத்தம்தான் இருக்கிறது. ஆனால் மூன்று ஆண்டிலும் ஒரு முறைகூடச் சொந்தமாகத் தரவை எடுத்து ஆர், ஸ்டாட்டா, பைத்தான் என்ற மென்பொருள்களுள் ஏதாவது ஒன்றில் பகுத்து எழுதும் பணி இல்லாமலும், இறுதியாண்டு ஆய்வேடு கட்டாயம் இல்லாமலும் இருந்தால் அதை ஒரு குறையாகவே எண்ண வேண்டும்.

ஆசிரியர்களை அறிய ஒரு குறுக்குவழி உண்டு. பொருளியல் கட்டுரைகளின் முதல் பக்கத்தில் ஜே.இ.எல். வகைப்பாட்டுக் குறியீடுகள் (கட்டுரை எந்தத் தலைப்பைச் சேர்ந்தது என்று காட்டும் எழுத்தும் எண்ணும்) இருக்கும். டி72 என்றால் தேர்தல், லாபி, வாக்களிப்பு. தமிழில் ‘பி’ என்றே எழுதப்படும் ஆங்கில எழுத்துகள் இரண்டு உண்டு, குழம்பிவிடும் என்பதால் விரித்தே சொல்கிறோம்: அகரவரிசையில் இரண்டாவது எழுத்தோடு 5 சேர்ந்தால் மாற்றுப் பொருளியல், பதினாறாவது எழுத்து அரசியல் பொருளாதாரமும் ஒப்பீட்டுப் பொருளாதார அமைப்புகளும். எஃப்5 பன்னாட்டு அரசியல் பொருளாதாரம். துறையின் நிரந்தர ஆசிரியர்களில் ஐந்தாறு பேரின் அண்மைக் கட்டுரைகளை எடுத்து இந்தக் குறியீடுகளைக் குறித்துக்கொண்டால் அரை மணி நேரத்தில் துறையின் குணம் புலப்படும். அரசியல் அறிவியல் இதழ்களில் இவை இருக்காது. அங்கே சுருக்கவுரையைத்தான் வாசிக்க வேண்டும்.

வீடு இல்லாத படிப்பு

இரு துறைகள் கூட்டாக நடத்தும் பட்டங்களில் ஒரு நிர்வாகச் சிக்கல் உண்டு. பொருளியல் துறையும் அரசியல் துறையும் ஆளுக்குப் பாதி கொடுக்கின்றன, ஆனால் மாணவர் இரண்டு பக்கமும் விருந்தாளி. கால அட்டவணை மோதும். அரசியல் துறையின் வெள்ளிக்கிழமை கருத்தரங்கும் பொருளளவியல் (பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியலால் ஆராயும் பாடம்) ஆய்வகமும் ஒரே நேரத்தில் வந்தால் விட்டுக்கொடுக்க வேண்டியவர் மாணவர்தான். மேல்நிலைப் பொருளியல் பாடங்களுக்கு முன்தகுதியான கணிதப் பாடம் பொருளியல் துறை மாணவர்களுக்கு முதலாண்டிலேயே அமைந்துவிடும். கூட்டுப் பட்ட மாணவருக்கு அதற்கு இடமிருக்காது, மூன்றாம் ஆண்டில் கதவு சாத்தியிருப்பது தெரியும்போது நேரம் கடந்திருக்கும். ஆய்வேடு எழுதும் கட்டத்தில் ‘இது எங்கள் துறைத் தலைப்பு அல்ல’ என்று இரண்டு பக்கமும் சொல்ல வாய்ப்புண்டு.

இதைச் சேர்வதற்கு முன்பே கண்டுபிடிக்க ஒரு வழி: ஒவ்வொரு ஆண்டிலும் இந்தப் பட்டத்து மாணவர்களுக்கென்றே வடிவமைக்கப்பட்ட, இரண்டு துறையையும் இணைக்கும் கட்டாயப் பாடம் ஒன்றாவது இருக்கிறதா? மூன்று ஆண்டிலும் இருந்தால் ஒருங்கிணைந்த படிப்பு. முதலாண்டில் மட்டும் இருந்தால் பரவாயில்லை ரகம். எங்குமே இல்லையென்றால் இரண்டு பட்டங்களின் பாதிகளை ஒட்டவைத்திருக்கிறார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரியைப் போல அரசியல் பொருளாதாரத் துறை என்றே தனித்துறை வைத்திருக்கும் இடங்களில் இந்தத் தொல்லை குறைவு. பெர்க்லியில் அரசியல் பொருளாதாரம் பல துறைப் பாடங்களைத் திரட்டி அமைக்கப்பட்ட முதன்மைப் பாடம். அங்கே சுதந்திரம் அதிகம், ஆனால் எந்தப் பாடத்தை எப்போது எடுப்பது என்ற திட்டத்தை மாணவர்தான் முதல் செமஸ்டரிலேயே வரைந்துகொள்ள வேண்டும்.

கணிதம் எவ்வளவு

கலைப் பட்டமா அறிவியல் பட்டமா என்ற எழுத்து வேறுபாட்டை நம்பிப் பயனில்லை. ஒரே பல்கலைக்கழகத்தில் இரண்டும் இருந்தால் மட்டும் அறிவியல் பட்டத்தில் அளவுமுறை கூடுதலாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். இரு வேறு பல்கலைக்கழகங்களுக்கு இடையே அந்த எழுத்துகள் எதையும் சொல்லாது.

எங்கே போக எண்ணுகிறோம் என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவது நல்லது. பொருளியல் முனைவர் படிப்பென்றால் பன்மாறி கால்குலஸ், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவும் புள்ளியியலும் தேவை. முன்னணி அமெரிக்கத் துறைகளுக்கு மெய்ப்பகுப்பாய்வும் (கால்குலஸின் அடிப்படைகளை நிறுவிக்காட்டும் கணிதப் பாடம்) இருந்தால்தான் விண்ணப்பம் தாக்குப்பிடிக்கும். இவற்றைக் கணிதத் துறையில் போய் எடுக்க உங்கள் பட்டம் அனுமதிக்கிறதா என்பதுதான் கேள்வி. பல அரசியல் பொருளாதாரப் பட்டங்கள் அனுமதிப்பதில்லை. அரசியல் அறிவியல் முனைவர் படிப்புக்கு இத்தனை கணிதம் கேட்பதில்லை. ஆனால் ரிக்ரஷன் (மாறிகளுக்கு இடையிலான தொடர்பை அளக்கும் புள்ளியியல் முறை) வெளியீட்டை வாசிக்கவும், இயற்கைச் சோதனை, கருவி மாறி போன்ற காரண-விளைவு உத்திகளை எடைபோடவும் தெரியாமல் இன்று அங்கேயும் காலம் தள்ள முடியாது. கொள்கை ஆய்வு, இதழியல், தொழிற்சங்கம், வளர்ச்சி அமைப்புகள் என்று போகிறவர்களுக்கு இடைநிலைப் பொருளியலும் இரண்டு புள்ளியியல் பாடமும் போதும். மீதி நேரத்தை வரலாற்றிலும் ஒரு கூடுதல் மொழியிலும் செலவிடுவதே லாபம்.

அமெரிக்காவில் படிக்கும் வெளிநாட்டு மாணவருக்கு இதில் ஒரு விசா விஷயமும் அடங்கியிருக்கிறது. படிப்புக்குப் பிந்தைய பயிற்சி வேலைக்கு 12 மாதம் கிடைக்கும். அறிவியல், தொழில்நுட்ப வகைப்பாட்டில் உள்ள பட்டமானால் மேலும் 24 மாதம் நீட்டிக்கலாம். பொருளளவியல், அளவுசார் பொருளியல் என்று பதிவான பட்டங்கள் அந்த வகைப்பாட்டில் வருகின்றன. வெறும் அரசியல் பொருளாதாரம் என்று பதிவானவை பொதுவாக வருவதில்லை. எந்தக் குறியீட்டின் கீழ் பட்டம் பதிவாகியிருக்கிறது என்பதைப் பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். மாணவர் குழுக்களில் கிடைக்கும் பதிலை நம்பி இரண்டு ஆண்டு வேலை வாய்ப்பைப் பணயம் வைக்கக்கூடாது.

தரவரிசை ஏன் உதவாது

அரசியல் பொருளாதாரத்துக்கென்று தனித் தரவரிசையை, உலகப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் க்யூ.எஸ். நிறுவனமோ டைம்ஸ் உயர்கல்வி இதழோ வெளியிடுவதில்லை. பொருளியல் ஒரு பட்டியல், அரசியலும் பன்னாட்டு ஆய்வுகளும் இன்னொரு பட்டியல், வளர்ச்சி ஆய்வுகள் மூன்றாவது. சோவாஸ் வளர்ச்சி ஆய்வுகளில் உச்சத்துக்கு அருகே வரும். பொருளியல் பட்டியலை மட்டும் பார்க்கிறவர் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். க்யூ.எஸ். உலகத் தரவரிசையில் கல்விப் புகழுக்கு 30 விழுக்காடு, வேலை தருவோரிடையே உள்ள புகழுக்கு 15 விழுக்காடு என்று கருத்துக்கணிப்புக்கே 45 விழுக்காடு போய்விடுகிறது. 20 விழுக்காடு மேற்கோள் எண்ணிக்கை. வகுப்பறையில் நடப்பதை நெருங்கும் ஒரே அளவீடு மாணவர் ஆசிரியர் விகிதம், அதற்கு 10. மருத்துவத்தில் கொழிக்கும் பல்கலைக்கழகம் மேற்கோளில் மேலே ஏறும். அதனால் அதன் அரசியல் பொருளாதார மாணவருக்கு ஒரு பலனும் இல்லை. பணியமர்த்துவோர் பல்கலைக்கழகப் பெயரைப் பார்க்கும் தொழில்கள் உண்டு, நிதியும் ஆலோசனையும் முக்கியமாக. அங்கே போக விரும்புகிறவருக்குத் தரவரிசை கொஞ்சம் பேசும். மற்றவர்களுக்கு அது இரைச்சல்.

முதுநிலைக்குச் செல்வோருக்கு

பிரிட்டன் முதுநிலை ஒரே ஆண்டு, 180 கிரெடிட். அதில் ஆய்வேட்டுக்குப் பெரும்பாலும் 60. ஐரோப்பாவின் மற்ற பகுதிகளில் இரண்டு ஆண்டு, 120 ஐரோப்பியக் கிரெடிட் என்பது வழக்கமான அமைப்பு. ஓராண்டுப் படிப்பு செலவைச் சுருக்கும் என்பது உண்மை. ஆனால் முனைவர் படிப்புக்கு உடனே போக நினைப்பவருக்கு அதில் ஒரு பொறி இருக்கிறது: வகுப்பு செப்டம்பர் இறுதியில் தொடங்கும், முனைவர் விண்ணப்பங்கள் டிசம்பரிலும் ஜனவரியிலும் முடியும். கையில் ஒரு மதிப்பெண்கூட இல்லாத, எந்தப் பேராசிரியருக்கும் முகம் பழகாத மூன்றாவது மாதத்தில் பரிந்துரைக் கடிதம் கேட்க வேண்டிவரும். ஆகவே ஓராண்டு முதுநிலை என்றால் முனைவர் படிப்புக்கு நடுவில் ஓராண்டு இடைவெளியையும் அதற்கான செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். அப்போது இரண்டு ஆண்டுப் படிப்போடு உள்ள செலவு வித்தியாசம் பாதியாகக் கரைந்துவிடக்கூடும். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவை கல்விக் கட்டணம் வாங்குவதில்லை என்பதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதுநிலையில் பாடத்தைவிட வழிகாட்டி முக்கியம். உங்கள் தலைப்புக்கு நெருக்கமாக ஆய்வு செய்கிறவர் ஒருவர் இருந்தால் போதாது, குறைந்தது இருவர் வேண்டும். ஒருவர் விடுப்பிலோ வேறு பல்கலைக்கழகத்துக்கோ போய்விடுவது சாதாரணமாக நடப்பது. அவர்கள் முதுநிலை மாணவர்களுக்கு உண்மையில் வழிகாட்டுகிறார்களா, அல்லது முனைவர் மாணவர்களை மட்டுமே எடுக்கிறார்களா என்பதையும் துறை ஒருங்கிணைப்பாளரிடம் கேட்க வேண்டும். மின்னஞ்சலில் கேள்வி குறிப்பாக இருந்தால் பதிலும் குறிப்பாக வரும். ‘உங்கள் படிப்பைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால் விளம்பரப் பக்கத்தின் இணைப்பு வரும். ‘கடந்த ஆண்டு ஆய்வேடுகளின் தலைப்புகளில் சில தர முடியுமா’ என்று கேட்டால், தலைப்புகளும் கிடைக்கலாம், துறை மாணவரை எப்படி நடத்துகிறது என்பதும் தெரியலாம்.

துறை நிலைக்குமா

இடம் கிடைத்து, முன்பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியது ஒன்று மிச்சம். இந்தத் துறைகள், முக்கியமாக மூன்றாவது மரபைச் சேர்ந்தவை, பல்கலைக்கழக அரசியலில் எளிதில் அடிபடுபவை. நோட்ர டேம் பல்கலைக்கழகத்தின் பொருளியல் துறை 2003-ல் இரண்டாகப் பிளக்கப்பட்டது. மையநீரோட்டப் பொருளியலாளர்கள் ஒரு பக்கம், மாற்றுப் பொருளியலாளர்கள் மறுபக்கம். இரண்டாவது துறை 2010-ல் கலைக்கப்பட்டது. அதை நம்பி வந்த முனைவர் மாணவருக்கு இது வெறும் நிர்வாகச் செய்தி அல்ல.

எனவே கடைசி மூன்று ஆண்டுகளின் பாடப்பட்டியலை வரிசையாக வைத்துப் பாருங்கள். மையப் பாடங்கள் ஒவ்வோர் ஆண்டும் நடந்திருக்கின்றனவா, நடத்தியவர்கள் நிரந்தர ஆசிரியர்களா, ஆண்டு ஒப்பந்தத்தில் வந்து போகிறவர்களா? ஓய்வு பெற்ற பேராசிரியரின் இடத்துக்கு அதே துறையில் ஆள் எடுத்திருக்கிறார்களா, அல்லது அந்த இடத்தை வணிகப் பள்ளிக்கு மாற்றியிருக்கிறார்களா? பழைய ஆண்டுகளின் பக்கங்கள் நீக்கப்பட்டிருந்தால் இணையக் காப்பகத்தில் கிடைக்கும். பிறகு சேர்க்கைக் கடிதத்தின் சிறு எழுத்துகளை வாசியுங்கள்: பாடங்களை மாற்றவும் படிப்பை நிறுத்தவும் பல்கலைக்கழகத்துக்கு உரிமை உண்டு என்ற வரி அநேகமாக எல்லாக் கடிதத்திலும் இருக்கும். நிறுத்தினால் ஏற்கெனவே சேர்ந்தவர்கள் அதே பட்டத்தை முடிக்க வழி செய்வோம் என்ற உறுதி அதற்கு அடுத்த வரியில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முன்பணம் கட்டுவதற்கு முன் அதை எழுத்தில் கேளுங்கள்.